திருப்பி அனுப்பியவள்

அவளுக்கு நான் கொடுத்த முதல் பொருள் ஒரு எவர்சில்வர் செம்பு. இத்தாலியில், பலெர்மோ நகரில் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடிக்கு அவள் குடிவந்த அன்று, பால் காய்ச்ச உதவட்டும் என்று ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிக்கொண்டு ஏறினேன். நான் இருப்பது மூன்றாம் மாடி. இங்கே லிப்ட் கிடையாது. ஒரு மாடி ஏறுவதற்குள் முழங்கால் இரண்டும் என்னோடு சண்டை பிடித்துவிடும். அப்படி ஏறிக் கொடுத்த செம்பை அவள் வாங்கி, வாயைப் பார்த்தாள், அடியைப் பார்த்தாள், விரலால் சுண்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இதுக்குப் பில் இருக்கோ, அன்ரி?"

பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பில் இல்லை என்றதும், மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பால் என் செம்பில் காயவில்லை. புத்தம்புது மின்சார அடுப்பில், புத்தம்புதுச் சட்டியில் பொங்கியது. மூன்று கிழமை கழித்துப் போனேன். அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. பால் பொங்கிய அடுப்பு எங்கே என்று கேட்டேன். திருப்பி அனுப்பிவிட்டேன் என்றாள். அடுப்பில் என்ன பிழை என்றேன். ஒரு பிழையும் இல்லை என்றாள்.

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் திருப்பிக் கேட்பாள்.

காலையில் இரண்டு இத்தாலியச் சிஞ்ஞோராக்களின், வசதியான வீட்டம்மாக்களின், வீடுகளில் துப்புரவு வேலை செய்வாள். பின்னேரம் முழுக்கப் போன். யன்னலோரக் கதிரையில் இருந்து பெருவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். அரிசியில் கல் பொறுக்குகிறவளின் முகம்தான் இருக்கும். அவளுடைய புருசன் மொண்டெல்லோவில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் வேலை செய்தான். வீட்டுக்கு நித்திரை கொள்ள மட்டும் வருவான். அந்த வீட்டில் பெட்டியோடு வாங்காத பொருள் அவன் ஒருவன்தான். "இந்தாளையும் முப்பது நாளுக்குள்ளை அனுப்பியிருக்கலாம்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முப்பது நாள் என்பது அவளுடைய மந்திரம். போனில் வாங்கியது பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், காசு முழுதும் வந்துவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்ததே அவள்தான். நாங்கள் எல்லோரும் அதை ஒரு வசதி என்று விளங்கிக்கொண்டோம். அவள் அதைச் சட்டம் என்று விளங்கிக்கொண்டாள். பிடித்திருந்தாலும் அனுப்பினாள். பிடித்திருந்தால் இன்னும் கவனமாக அனுப்பினாள்.

பெட்டி திறப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானென்றால் பல்லால் கடிப்பேன், கையால் கிழிப்பேன். அவள் குசினிக் கத்தியை எடுத்து, பெட்டி வாயில் ஒட்டிய பிளாஸ்டருக்கும் மட்டைக்கும் இடையில் நுனியை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே கோடாக அறுப்பாள். உள்ளே இருக்கும் பஞ்சு, பிளாஸ்டிக், பேப்பர் எல்லாம் எந்தப் பக்கம் எப்படி இருந்தன என்று போனில் படம் எடுத்து வைப்பாள். மற்றவர்கள் பிள்ளைகளைப் படம் எடுப்பார்கள். அவள் பஞ்சை எடுத்தாள். வீட்டுக்குள் அலுமாரி இல்லை. சுவரோரம் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் போகவேண்டிய தேதி எழுதி ஒட்டியிருக்கும். அந்த வீட்டில் இருக்கும்போது நானும் எங்கேயோ அனுப்பப்படக் காத்திருக்கும் சாமான் போல உணர்ந்திருக்கிறேன்.

ஒரு கோடைக்கு மூன்று காற்றாடி வாங்கினாள். ஆபிரிக்காப் பக்கமிருந்து அந்த நெருப்புக் காற்று வீசும்போது நாங்கள் எல்லோரும் ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கிடப்போம். அவள் ஜூனில் ஒரு காற்றாடி எடுத்து, முப்பதாம் நாள் அனுப்பி, அடுத்ததை எடுத்து, அதையும் அனுப்பி, மூன்றாவதைச் செப்டம்பரில் அனுப்பினாள். அனுப்பும் முன் இறக்கைகளை நனைத்த பஞ்சால் துடைத்தாள். பிறந்த பிள்ளையின் காதைத் துடைப்பது போலத் துடைத்தாள்.

பலெர்மோவைக் காக்கும் புனித ரொசாலியாவின் மலைக்கு நாங்கள் சைவக்காரர்களும் ஏறுவோம். அந்த மனுசி எங்கள் கதைகளையும் கேட்கிறா. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் புதுச் சப்பாத்தோடு வந்தாள். ஏற ஏற, கல்லில் சர்சர் என்று சத்தம். என்ன என்று குனிந்து பார்த்தால், சப்பாத்தின் அடி முழுக்கப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாள். அடி தேயக்கூடாது, திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். பாதி வழியில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். இரத்தம் வழிகிறது. அவள் காலைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து, முழங்காலுக்குப் பில் இருக்கோ பிள்ளை என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகு விட்டேனா நான்? ஒவ்வொரு விசேஷத்துக்கும் பில் இல்லாத பொருளாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். தைப்பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த முறுக்கு உரல். தீபாவளிக்கு என் கையால் பின்னிய தலையணை உறை. அவளுக்குப் பிறந்தநாள் என்றால் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா ஒரு பை. வாங்கும்போது அவள் படும் பாட்டைப் பார்ப்பதற்காகவே கொடுத்தேன். எங்கே அனுப்புவாள் பார்ப்போம் என்று.

கொஞ்ச நாளில் கட்டடமே அவளைப் போல ஆனது. முதலில் சிரித்தவர்கள்தான் பிறகு போனை நீட்டிக்கொண்டு நாலாம் மாடி ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய வாசல் டாக்குத்தரின் வாசல் போல இருக்கும். ஒருத்திக்குப் பிரஷர் குக்கர், ஒருத்திக்குத் திரைச்சீலை, ஒருத்திக்குப் பேரன் வயதுக்குப் பொருந்தாத சைக்கிள். ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் ஆட்களின் கடைக்குப் போனால், கடைக்காரர் ஈயோடு கதைத்துக்கொண்டு இருப்பார். சனம் வரும், துணியைத் தொட்டுப் பார்க்கும், படம் எடுக்கும், போய்ப் போனில் வாங்கும். ஒரு கடைக்குள் போய், அந்த மனுசனின் முகத்துக்கு முன்னாலேயே அவனுக்குக் குழி வெட்ட ஆட்கள் ஒருகாலத்தில் வெட்கப்பட்டார்கள். இப்போது நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன், மறைக்க மாட்டேன். சாமித்தட்டுக்கு ஒரு குத்துவிளக்கு வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். படத்தில் கோயில் விளக்குப் போல நின்றது. வந்தது என் பெருவிரல் உயரம். அளவு எழுதியிருக்கிறதே, வாசிக்கவில்லையா என்றாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தமிழில். அனுப்பிவிடுவோம் என்று கத்தியை எடுத்தாள். நான் அதற்குள் திரி போட்டுக் கொளுத்திவிட்டேன். ஏற்றின விளக்கைத் திருப்பி அனுப்புகிறது எந்த ஊர் வழக்கம்? இன்றைக்கும் அது என் சாமித்தட்டில் எரிகிறது. சாமியும் குனிந்துதான் பார்க்கிறார்.

திருப்பி அனுப்பும் பெட்டிகளை முனையில் உள்ள தபாக்கியில் கொடுக்க வேண்டும். சிகரெட்டும் பஸ் டிக்கெட்டும் விற்கும் சின்னக் கடை. கடைக்காரக் கிழவன் அவளைக் கண்டாலே எழும்பி உள்ளே இடம் ஒதுக்குவான். நான் தனியே போனால், உன் மேல்மாடிக்காரி இன்றைக்கு என்ன கொண்டுவருவாள் என்று கைச்சாடையில் கேட்பான். நானும் கைச்சாடையில், வீட்டுக் கூரையை என்று காட்டுவேன்.

இவ்வளவும் பகிடிதான். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். அங்கேதான் எனக்குப் பகிடி முடிந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு போகும் உடுப்பெல்லாம் முப்பது நாள் உடுப்பு. விலைச்சீட்டைக் கழற்றக்கூடாது. காலருக்குள்ளே, கைக்குள்ளே மடித்து ஊசி குத்திவிடுவாள் தாய். பிள்ளை நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு இருக்கும். ஒருநாள் வகுப்பில் ஒரு பெடியன் பின்னாலிருந்து அவளுடைய காலருக்குள் கையை விட்டுச் சீட்டை இழுத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். அன்றையிலிருந்து பள்ளியில் அவளுக்குப் பெயர் கார்தெல்லீனோ. இத்தாலியனில் உடுப்பில் தொங்கும் விலைச்சீட்டுக்கு அதுதான் பெயர். இதை அவள் தாயிடம் சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்து, தாய் வரும்வரை என் வீட்டில் இருக்கும்போது, பிஸ்கட் பையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எதையும் பல்லால்தான் கிழிப்பாள். தாயின் கத்தி இந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நான் மேலே போய் அவளிடம் கேட்டேன். பெயர் விஷயத்தைச் சொல்லவில்லை, பிள்ளைக்கு ஒரு சட்டையாவது சொந்தமாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் பெட்டிக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"சொந்தமெண்டு வைச்சிருந்ததெல்லாத்தையும் அங்கை அலுமாரியோடை விட்டிட்டு வந்தனாங்கள், அன்ரி. ஒரு கிழமைக்கை. இது அப்பிடியில்லை. இது நானாப் பாத்து அனுப்புறன்."

படி இறங்கும்போதுதான் கோபம் வந்தது. ஊரில் சண்டை வந்தபோது நாங்களும்தான் ஓடினோம். நான் ஓடும்போது அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அம்மியை விட்டுவிட்டேன். அதற்காக இங்கே வந்து மிக்சியைத் திருப்பிக் கொடுத்தேனா? சண்டை ஒரு வீட்டைப் பறித்தது என்றால், பிள்ளையின் முதுகிலிருந்து சட்டையைப் பறிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அடுத்த வருஷம் ஜூலையில் பிள்ளை வயதுக்கு வந்தாள், சாமத்தியப்பட்டாள். சாமத்திய வீடு செய்வதற்கு மண்டபம் எடுத்தார்கள். முதற்சீலை லண்டனில் உள்ள ஒரு கடையிலிருந்து போனில் வந்தது. வெளிர் ரோஸ் நிறம், வெள்ளிக் கரை. அவள் அறுத்துத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை அதைத் தொடவில்லை. கையை மேலே, ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டு, அப்படியே சீலையின் நீளத்துக்குக் காற்றைத் தடவினாள். பிறகு என் பக்கம் வந்து காதுக்குள் கேட்டாள்:

"அம்மம்மா, இதையும் அனுப்பிடுவாவோ?"

தாய் ஏற்கனவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடைக்காரன் முப்பது நாள் தரமாட்டானாம், பதினாலு நாள்தான். விசேஷம் வரவே அதில் ஆறு நாள் போய்விடும் என்று தனக்குள்ளே கணக்குப் பார்த்தாள். விலைச்சீட்டு முந்தானையில் ஒரு வெள்ளை நூலில் தொங்கியது. மடித்து உள்ளே ஊசி குத்தலாம், படத்தில் தெரியாது என்றாள்.

புது உடுப்புக்கு மூலையில் மஞ்சள் வைத்து உடுப்பதுதான் எங்கள் வழக்கம். சின்னப் பொட்டு. கண்ணூறு படாமல் இருக்க, உடுக்கிறவருக்கு அந்தத் துணி ஆகிவர. அந்த வீட்டில் மட்டும் எந்த உடுப்புக்கும் மஞ்சள் வைத்ததில்லை. வைத்தால் கடைக்காரன் எடுக்கமாட்டான்.

விசேஷத்தன்று காலையில் எனக்குக் குசினி வேலை தந்திருந்தார்கள். நான் புருசனைச் சாகக் கொடுத்தவள். தண்ணீர் வார்க்க, ஆலாத்தி எடுக்க, தட்டம் தூக்க என்னைக் கூப்பிடமாட்டார்கள். பலகாரம் சுடக் கூப்பிடுவார்கள். வடைக்கு விதவைக் கை தெரியாதாக்கும். எல்லோரும் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற இடத்தில் நிற்க, நான் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன். பிடிக்கட்டும் என்று கொஞ்சம் நல்லெண்ணெயும் விட்டேன். அறைக்குள் போனேன். சீலை தட்டத்தில் இருந்தது. நாலு மூலைக்கும் வைத்தேன். பிறகு முந்தானையின் நட்ட நடுவில், பெருவிரலை நன்றாகத் தோய்த்து, பொட்டு இல்லை, ஒரு பூசணிக்காய் வைத்தேன். பிறகு கேட்டவர்களிடம் கை தவறிவிட்டது என்று சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன், தவறவில்லை.

பிள்ளையை உடுத்தத் துணியை விரித்தபோது தாய் கண்டாள். அறைக்குள் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"ஆர் இதிலை மஞ்சள் பூசினது?"

"புதுச்சீலைக்கு மஞ்சள் வைக்காமல் உடுக்கிறதோ, பிள்ளை?"

"உங்களை ஆர் வைக்கச் சொன்னது? தாலியில்லாத கையாலை என்ரை பிள்ளையின்ரை முதற்சீலையைத் தொட உங்களுக்கு என்ன உரிமை?"

பின்னால் நின்ற ஒருத்தி நிலத்தைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனால் நான் குத்து வாங்கிக்கொண்டு சும்மா போகிற ஆள் இல்லை.

"உரிமை இல்லைத்தான். ஆனால் மஞ்சளுக்கு முப்பது நாள் இல்லை, பிள்ளை."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்ற பிள்ளை சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்துத் தோளில் போட்டு, அந்த மஞ்சள் பூசணிக்காய் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டாள். மண்டபத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் அது இருக்கிறது.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மஞ்சளுக்கு ஒரு எமன் உண்டு என்பதை மறந்துவிட்டேன். சவர்க்காரம் போட்டால் மஞ்சள் சிவந்து இன்னும் பிடிக்கும். தண்ணீருக்கு அது அசையாது. ஆனால் வெயிலில் போட்டால் தானாகவே வெளுத்துப்போகும். இது எங்கள் ஊரில் துணி தோய்த்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. இதைப் போன் சொல்லியிருக்காது, தாய் சொல்லியிருப்பாள்.

எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் எல்லோரும் துணி காயப்போடுவோம். நான் மிளகாய் காயப்போடுவேன். விசேஷம் முடிந்த மறுநாளே அவள் சீலையைக் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியால் முழுதும் மூடிக் கட்டி, மஞ்சள் பட்ட இடங்களை மட்டும் வெளியே விட்டு, ஒரு மடக்குக் கட்டிலில் படுக்கவைத்தாள். ஒப்பரேஷனுக்குக் கிடத்திய நோயாளி போல அது கிடந்தது. எண்ணெய்க்கு மேலே ஏதோ மாவைத் தூவி உறிஞ்ச வைத்தாள். எட்டு நாள் மிச்சம். ஜூலை மாதத்துப் பலெர்மோ வெயில் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கல்லையே வெளுக்கும்.

ஒவ்வொரு நாளும் மிளகாயைச் சாட்டாக வைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். முதல் நாள் என் பூசணிக்காய் மாம்பழம் போல இருந்தது. மூன்றாம் நாள் எலுமிச்சை. ஐந்தாம் நாள் பால் விட்ட தேத்தண்ணி. ரொசாலியாவிடம் மழை கேட்டேன். பாவம், அந்த மனுசியிடம் இந்த மாதத்தில் மழை கேட்கிற பைத்தியம் நான் ஒருத்திதான். ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளை என் வீட்டுக்கு வந்து சும்மா இருந்தாள். எனக்கு வேறு யோசனை வரவில்லை. மூன்றாம் வகுப்பு மூளை அவ்வளவுதான் ஓடும்.

ஏழாம் நாள் காலையில் மிளகாயோடு ஏறினேன். கட்டிலில் சீலை கிடந்தது. முந்தானை முழுக்க மஞ்சள். நான் வைத்தது போல வட்டமாக இல்லை. கோணல்மாணலாக, அவசர அவசரமாக, வெள்ளிக் கரை வரைக்கும் இழுத்துப் பூசியிருந்தது. ஓரிடத்தில் சின்ன விரல்கள் நாலும் அப்படியே பதிந்திருந்தன. நான் மிளகாயை விரிக்காமலே இறங்கிவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்காது, கதவு தட்டுப்பட்டது. அவள் சீலையைக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பின்னால் படியில் பிள்ளை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"மொட்டை மாடிக்கு நீங்கள்தானே போறனியள், அன்ரி. நீங்கள்தானே?"

பிள்ளை கால் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்தாள். அப்போது கண்டேன். நாலு விரல் நகத்துக்குள்ளும் மஞ்சள்.

"ஓம், நான்தான்," என்றேன். "இன்னும் வெயிலிலை போட்டால் இன்னும் பூசுவன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். நான் அன்று காலையில் ஒரு வாளி துணி தோய்த்திருந்தேன். இரண்டு கையும் வெள்ளை வெளேரென்று சுருங்கிக் கிடந்தன. நகத்துக்குள் ஒரு புள்ளி மஞ்சள் இல்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, பிள்ளையைத் தாண்டி, அவளையும் பார்க்காமல் மேலே ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டி நின்று, பார்சல் கொண்டுபோகிறவனுக்கு விடுவது போல வழி விடுவாள். பதினாலாம் நாள் வந்தது, போனது. அவள் தபாக்கிக்கு வேறு பெட்டிகள் கொண்டுபோனாள். சீலை போனதா, இல்லையா, எனக்குத் தெரியாது. பூசின மஞ்சளோடு கடைக்காரன் எடுக்கமாட்டான் என்பது தெரியும். ஆனால் அவள் விட்டிருப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கோபத்தில் குப்பையில் போட்டிருக்கலாம். வெட்டித் துடைக்கிற துணி ஆக்கியிருக்கலாம். பிள்ளையை என் வீட்டுக்கு விடுவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டுப் பார்க்க ஆள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்கு இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அது கிடைத்தால் எங்கள் சனம் செய்வதை அவர்களும் செய்தார்கள், லண்டனுக்கு வெளிக்கிட்டார்கள். மற்றவர்கள் போகும்போது வான் பிடித்து, கட்டில், அலுமாரி, அரிசிச் சட்டி என்று இரண்டு நாள் இறக்குவார்கள். கட்டடமே புழுதியாகும். இவள் வீட்டைக் காலி செய்ய ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. மூன்று பேர், மூன்று சூட்கேஸ். இறங்கிப் போகும் சத்தத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பிள்ளையின் காலடி என் வாசலில் கொஞ்சம் நின்றது. தாய் கூப்பிட்டாள். போய்விட்டது.

பிறகு கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு பெட்டி. நேராக ஒட்டிய பிளாஸ்டர், ஒரு சுருக்கம் இல்லை. மேலே என் பெயர். அதற்குக் கீழே, கடைகளுக்குத் திருப்பி அனுப்பும்போது ஒட்டுகிற சீட்டு. ஏன் அனுப்புகிறோம் என்று ஒரு வரிசை காரணம் அச்சடித்திருக்கும், ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும். போட்டிருந்தாள். இத்தாலியனில் இருந்ததால் சீட்டை உரித்துக்கொண்டு தபாக்கிக் கிழவனிடம் போனேன். கண்ணாடியை ஏற்றி வாசித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். பொருள் சொன்னபடி இல்லை என்று எழுதியிருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கிழித்தேன், பல்லால்தான். முதலில் வந்தது செம்பு. அடியில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது, ஒரு துளி பால் படவில்லை. அடுத்தது முறுக்கு உரல். பிறகு தலையணை உறை, நான் மடித்துக் கொடுத்த மடிப்போடு. ஒடியல் மாப் பை, கட்டு அவிழ்க்காமல், உள்ளே பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பேப்பர் சுற்றி, பஞ்சு வைத்து. இத்தனை வருஷமும் நான் கொடுத்த ஒன்றையாவது அவள் வீட்டுப் பொருளாக எடுக்கவில்லை. இப்படி ஒரு செருப்படியை இவ்வளவு மெதுவான பஞ்சில் சுற்றி யாரும் எனக்குத் தந்ததில்லை.

சீலையும் இதற்குள்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசிக் குத்து அதுதானே. பேப்பரை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். அடிவரைக்கும் கையை விட்டேன். பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினேன்.

சீலை இல்லை. சின்னதாக ஒரு மட்டைத்துண்டு மட்டும் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். லண்டன் கடையின் விலைச்சீட்டு. அந்த ரோஸ் சீலையின் முந்தானையில் வெள்ளை நூலில் தொங்கிய அதே சீட்டு.

பிள்ளைதான் எனக்காக உள்ளே போட்டிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நூலைப் பார்த்தேன். பிள்ளை என்றால் கடித்திருப்பாள், நுனி பிய்ந்து பிசிராக இருக்கும். இந்த நூல் கத்தியால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே கோடாக அறுத்திருந்தது.

சீட்டைச் செம்புக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அவள் திருப்பிக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.